சிறகாயி போட்ட தாழ்ப்பாள்

நல்ல இருட்டில், ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்குள், யாரோ முறத்தில் சாமை புடைக்கிற சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்ர்... கொஞ்சம் நிற்கும். மறுபடியும் சர்... சர்...

காட்டுப்பூவரசு மரத்தின் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த சிறகாயிக்கு அந்தச் சத்தம் கால்வழியாக ஏறி வயிற்றில் போய் நின்றது. அவள் ஓர் அந்துப்பூச்சி. அன்று சாயங்காலம்தான் பட்டை வெடிப்பில் நாற்பது முட்டை இட்டு முடித்திருந்தாள். உடம்பு காலியாகி, காற்றடித்தால் பறந்துபோகும் போல இருந்தது.

"மச்சான், கீழே யாரோ புடைக்கிறாங்க."

"காத்து" என்றான் அவள் புருஷன் மங்கான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"காத்து புடைக்குமா?"

"சருகு மேல காத்து போனா அப்படித்தான் கேக்கும். படு."

காற்றே இல்லை. ஓர் இலை அசையவில்லை. சிறகாயி அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் எழுந்து பார்ப்பான். பார்த்து ஒன்றுமில்லை என்பான். அதற்கப்புறம் சத்தம் கேட்டால் அது அவளுடைய பயம் மட்டும்தான் என்று ஆகிவிடும்.

பூச்சியும் எறும்பும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. மலைக்கு மேலே அப்போது பாதை கிடையாது. படைத்தவர் அந்துப்பூச்சிகளுக்கு ஆண் என்றும் பெண் என்றும் வித்தியாசம் பார்க்காமல் ஆளுக்கு நாலு சிறகு கொடுத்திருந்தார். நிறமும் எல்லோருக்கும் ஒன்றே, பழைய வைக்கோல் நிறம். தூரத்தில் பறந்து வருவது மாமியாரா மாப்பிள்ளையா என்று தெரியாது. பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால்தான் தெரியும். வெயில் உள்ள மாதங்களில் முட்டை இடுவார்கள், மழை வருமுன் குஞ்சு பொரிந்துவிடும் என்று நம்புவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் சுற்று. எங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தாலும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அதை ஒன்பது தரம் சுற்றிவிட்டு வர வேண்டும். நிலா கிழக்கே எழும்பினாலும் சரி, சாமைக் காட்டுக் காவல் குடிசையில் மனிதர்கள் அகல் ஏற்றினாலும் சரி. எதற்காகச் சுற்ற வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இல்லை. வெளிச்சம் கண்ணில் பட்டதும் சிறகின் அடிவேரில் ஒரு தினவு எடுக்கும். அடுத்த நொடி ஆள் காற்றில் இருப்பார். போய்ச் சேர்ந்த பிறகுதான் 'ஓ, வந்துவிட்டோமா' என்று தெரியும். சில பேர் திரும்பி வராமலும் போவதுண்டு. அவர்களைப் பற்றி, பத்தாவது சுற்றும் கிடைத்த பாக்கியசாலிகள் என்று பேசிக்கொள்வார்கள்.

அந்த ராத்திரியும் கீழே காவல் குடிசையில் அகல் ஏற்றினார்கள்.

"சுத்து" என்றான் மங்கான். அதற்குள் அவன் பாதி தூரம் போயிருந்தான்.

"முட்டை இருக்கு" என்று சிறகாயி சொன்னாள். சொன்னதை அவளே காற்றில் இருந்துதான் கேட்டாள்.

ஒன்பது சுற்றும் முடித்து அவள் திரும்பியபோது முறம் புடைக்கிற சத்தம் மரத்தின் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெடிப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். துடைத்து வைத்தது போல இருந்தது.

அது முதல் தடவை அல்ல. ஆனி மாதத்தில் நாற்பது போயிருந்தது. இது ஆவணி. அப்போது அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். இப்போது சத்தத்தின் பின்னாலேயே மரத்தைவிட்டு இறங்கினாள். சருகுமேல் கட்டெறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆயிரம் கால்கள் சருகில் படுகிற சத்தம்தான் அவளுக்கு முறம் புடைக்கிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. வரிசையின் கடைசியில் ஒரு கிழட்டு எறும்பு, வாயில் ஒரு முட்டையோடு, மெள்ள வந்துகொண்டிருந்தது.

"நில்லு. அது என் முட்டை."

எறும்பு நின்றது. முட்டை வாயில் இருந்தால் பேச முடியாது. ஆகவே அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு சொன்னது:

"உன்னுதா தாயி? யாருமில்லாத வீட்டுல கெடந்துச்சு."

"நான் சுத்துக்குப் போயிருந்தேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருமில்ல."

"நான் இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கெளம்புற அவசரத்துல உன் சிறகுப் பொடி உதிருது. மரத்தடியில மாவு சலிச்ச மாதிரிக் கொட்டுது. அதை மோந்து பாத்ததும் ஆள் வெளிய போயாச்சுன்னு மேல ஏறுவோம். அதுவரைக்கும் கீழயே காத்துக்கிட்டிருப்போம். நீ வீட்டுல இருக்கிறப்ப நாங்க உள்ள வந்ததுண்டா, சொல்லு. மானம் மரியாதை எங்களுக்கும் இருக்கு."

சிறகாயி எறும்பின் காலுக்கு நடுவே கிடந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வெளிறிய சின்ன முட்டை.

"அந்த ஒண்ணையாவது விட்டுட்டுப் போ."

"வெறும் வாயோட போனா என்னை உள்ள சேத்துக்க மாட்டாங்க தாயி. வயசாயிருச்சு. இப்பவே ஒரு மாதிரியாப் பாக்குறாங்க." எறும்பு முட்டையைத் தூக்கப் போனது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பவும் கீழே வைத்தது. "ஒண்ணு வேணா சொல்றேன். மார்கழியில பனி உறைஞ்சுதுன்னா எங்க காலு ஓடாது. வாசல்ல மண்ணை வச்சு அடைச்சிட்டு உள்ளயே கெடப்போம். பங்குனி வரைக்கும் எட்டிப் பாக்க மாட்டோம்."

அதைச் சொல்லிவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது தடவை வயிறு நிறைந்தபோது சிறகாயி முட்டை இடவில்லை. மார்கழி வரைக்கும் சுமக்கப் போகிறேன் என்று சொன்னாள். அந்துப்பூச்சி சாதிசனமே சிரித்தது. மங்கானின் தங்கை தும்பை, பக்கத்து மரத்திலிருந்து அதற்காகவே பறந்து வந்தாள்.

"மதினி, பனியில முட்டை போடப் போறீங்களாமே. கூடவே கம்பளியும் நெய்றீங்களா?"

"எறும்பு வராது தும்பை."

"எறும்பு வராது சரி. உங்க உசிரு இருக்குமா?" தும்பை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேலி போய்விட்டிருந்தது, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "நாப்பது போச்சுன்னா இன்னொரு நாப்பது போடுங்க. நமக்கு நாப்பது நாப்பதாக் குடுத்ததே அதுக்குத்தானே?"

"போன ஒவ்வொண்ணும் எனக்கு ஒண்ணு ஒண்ணாத்தான் போச்சு" என்றாள் சிறகாயி.

தும்பை அண்ணனைப் பார்த்தாள். மங்கான் பட்டையைப் பார்த்தான். அவன் கெட்டவனில்லை. "அவளுக்கு அப்படித் தோணுது, விடு" என்றான். ஊரில் வேறு எந்தப் புருஷனும் அந்த அளவுக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டான்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் இலைக்கு அடியில் தொங்கிக்கொண்டு கிடந்தாள். கார்த்திகையில் வயிறு கனத்துப் பறக்கும்போது பின்பக்கம் தாழ்ந்தது. அப்போதும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் சிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்தது. ஒன்பது சுற்றுக்கு நாலு சுற்றிலேயே மூச்சு வாங்கும். முட்டை அவளோடு இருந்ததால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எறும்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எறும்பு இல்லாத மாதம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு எண்ணம்.

மார்கழி வந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்ததும் புல்லெல்லாம் விறைத்து நின்றது. ஓடைக்கரைச் சேறு கண்ணாடி மாதிரி ஆயிற்று. காட்டுப்பூவரசின் இலைகள் குளிருக்குத் தங்களைத் தாங்களே சுருட்டிக்கொண்டன. சிறகாயி காதைக் கொடுத்துக் கேட்டாள். முறம் புடைக்கிற சத்தம் இல்லை. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

பழைய வெடிப்பைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு இட்டுவிடலாம் என்று நினைத்து வயிற்றை வளைத்தாள்.

அப்போதுதான் சாமைக் காட்டில் தீ மூட்டினார்கள்.

அகல் இல்லை, நெருப்பு. பனிக்காலத்தில் காவல்காரர்கள் குளிர் காய ஆளுயரத்துக்குக் கட்டையை அடுக்கிக் கொளுத்துவார்கள் என்பது அந்துப்பூச்சிகளுக்குத் தெரியாது. மார்கழியில் வெளியே வந்து பார்த்தவர்கள் அவர்களில் அவ்வளவு குறைவு. மரத்துக்கு மரம் இலைக்கடியில் ஒண்டிக் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் எழும்பினார்கள். மங்கான் போனான். தும்பை போனாள். சிறகாயியும் போனாள், வயிறு நிறைய முட்டையோடு.

அந்தச் சுற்று எப்படி இருந்தது என்று அவளால் பிற்பாடு சரியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாம் மஞ்சளாக இருந்தது. மூன்றாவது சுற்றில் தும்பை அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "மதினி, குளிரே இல்லை பாத்தீங்களா" என்று சிரித்தாள். நாலாவது சுற்றில் அவள் இல்லை. ஒரு சின்னச் சடசடப்பு, அவ்வளவுதான். ஐந்தாவது சுற்றில் கட்டை ஒன்று சரிந்து பொறி கிளம்பியது. அந்த அனல் சிறகாயியை அடித்துத் தள்ளியதில் அவள் காவல் குடிசைக் கதவில் மோதி, பலகை இடுக்கு வழியே உள்ளே விழுந்தாள்.

உள்ளே இருட்டு. சிறகின் தினவு நின்றது. தினவு நின்றால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண் பழகியதும் பார்த்தாள். சின்ன வயதுப் பெண் ஒருத்தி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பெயர் நாச்சியா. மடியில் மூன்று மாதக் குழந்தை. விளக்கு ஏற்றியிருக்கவில்லை. சட்டியில் தீக்கங்குகளைச் சாம்பல் போட்டு மூடி வைத்திருந்தாள், சூடு மட்டும் வரும்படி.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நாச்சியா, வெளிய வந்து காயேன். கெழங்கு சுட்டிருக்கோம்."

"நீங்க காயுங்க. எனக்கு ஒண்ணைக் கொண்டாந்து இடுக்கு வழியாத் தாங்க."

"கதவைத் தொறந்தா கொறஞ்சா போயிருவ? என்னமோ சிறுத்தை வந்து வாசல்ல நிக்கிற மாதிரி."

"நிக்கும். பத்து நாளைக்கு முந்தி பக்கத்துக் குடிசையில ஆட்டுக்குட்டியைக் காணோமே, அது நடந்தா போச்சு? அவங்களும் தீக்கிட்டத்தான் உக்காந்திருந்தாங்க, பத்தடி தூரத்துல."

கதவைத் தட்டிய அவள் புருஷன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். வெளியே சிரிப்பும் பாட்டும் கேட்டன. நாச்சியா தலையைத் திருப்பி இடுக்கு வழியே அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் சிறகாயி. "உனக்குப் போகணும்னு இல்லையா?"

நாச்சியா குனிந்து பார்த்தாள். "அட, நீயா. வயித்தைப் பாத்தா மாசமா இருக்க போல. நீ எதுக்கு அங்க போன?"

"நான் போகலை. போயிட்டேன்."

அது நாச்சியாவுக்கு உடனே புரிந்தது. "எனக்கும் போகணும்னுதான் இருக்கு பூச்சி. காலு துடிக்குது. மூணு மாசமா இந்த நாலு பலகைக்குள்ள நானும் இவனும்தான். ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சில நேரம் இவன் தூங்குறப்ப, இப்படியே எந்திரிச்சுப் போய் அந்தக் கூட்டத்துல உக்காந்தா என்னன்னு..." அவள் முடிக்கவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அது கேட்டிருக்குமோ என்பது போல.

"அப்ப எப்படிப் போகாம இருக்க?"

நாச்சியா முதுகைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். கதவுக்குக் குறுக்கே ஒரு மரத் தாழ்ப்பாள் கிடந்தது.

"சிறுத்தைக்குன்னு போட்டேன். அப்புறம் பாத்தா அது என்னையும் சேத்துத்தான் பிடிச்சு வச்சிருக்கு. போகணும்னா முதல்ல இதை இழுக்கணும். இறுகிக் கெடக்கும், கிறீச்சுன்னு சத்தம் போடும். அதுக்குள்ள இவன் சிணுங்கிருவான். அந்தக் கொஞ்ச நேரம்தான் பூச்சி. அந்தக் கொஞ்ச நேரம் கெடச்சா போதும், புத்தி வந்துரும்."

"எங்களுக்குக் கதவே கிடையாது" என்றாள் சிறகாயி.

"நாலு பலகையை முதுகுல சுமந்துக்கிட்டுக் கதவு இல்லைங்கிற."

"இது சிறகு."

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள் நாச்சியா. "தோணினதைச் சொன்னேன். எனக்குத் தூக்கமில்லாம வாயில என்னமோ வருது. கோவிச்சுக்காத."

சிறகாயிக்குக் கோபம்தான். இடுக்கு வழியே வெளியே வந்து மரத்தைப் பார்த்துப் பறந்தாள். பத்து முழம் போகுமுன், தான் தீயைப் பார்த்துத் திரும்பிப் பறந்துகொண்டிருப்பதைக் கண்டாள். திரும்பினாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை ஒரு புல்லைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். சிறகு நாலும் அவளைக் கேட்காமல் படபடவென்று அடித்துக்கொண்டன. எறும்பு முட்டையைக் கொண்டுபோனது. ஆனால் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனது எது என்று அந்தப் புல்லில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு விளங்கிற்று.

அவள் தரையில் இறங்கினாள். சிறகை மடித்துக்கொண்டு, உறைந்த புல்லுக்கு நடுவே நடந்தே மரத்துக்குப் போனாள். மரத்தில் நடந்தே ஏறினாள். அந்துப்பூச்சி மரத்தில் நடந்து ஏறியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

வெடிப்பில் நாற்பது முட்டையையும் இட்டாள். பனி மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெடிப்பின் வாயில் ஏற்கெனவே வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. முட்டைக்குப் போர்த்த ஒன்றுமில்லை. வாசலை அடைக்க ஒன்றுமில்லை. அவள் முதுகில் தவிர.

அந்த நேரத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு பூச்சி வந்து பக்கத்தில் விழுந்தது. சிறகாயி முட்டைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"மங்கான், புள்ள. உன் புருஷன்."

குரல் அவனுடையதுதான். ஆள் அவனாக இல்லை. வலது சிறகு கருகிக் கரியாக இருந்தது. இடது சிறகில் சாம்பல் பூசிப் பட்டை பட்டையாக இருந்தது. ஓரமெல்லாம் வாடித் தவிட்டு நிறம். "தும்பை..." என்றான். அவன் குளிரிலும் பயத்திலும் நடுங்க நடுங்க, சிறகிலிருந்து கரியும் சாம்பலும் தவிட்டுப் பொடியும் முட்டைகளின்மேல் உதிர்ந்தன. ஒன்றின்மேல் கரி, ஒன்றின்மேல் சாம்பல், ஒன்றின்மேல் இரண்டும்.

சிறகாயி வெடிப்பின் கூரான விளிம்பில் தன் வலது முன்சிறகை நுழைத்தாள்.

"என்ன செய்ற?"

"கதவு செய்றேன்."

உடம்பைத் திருப்பி இழுத்தாள். சிறகு அடியோடு வரவில்லை. தோளில் கட்டையாய் ஒரு குச்சம் மிஞ்சியது. அடுத்ததை நுழைத்தாள். மூன்றாவதும் வந்த பிறகு மங்கான் கேட்டான்.

"சிறகு இல்லாம என்கூட எப்படி வருவ?"

"வரமாட்டேன். நீ வா."

"நீ எந்த மரத்துல இருக்கேன்னு இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசம் விடுவேன். காத்துல பிடிச்சுக்கிட்டு வா."

"எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"யாரு இருக்கா, சொல்ல?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, இடது பின்சிறகு. அது விளிம்புக்கு எட்டவில்லை. அவள் எப்படி வளைந்தும் எட்டவில்லை.

"மச்சான், இதை மட்டும் பிடிச்சுக்க. நான் இழுத்துக்கிறேன்."

மங்கான் அழுதுகொண்டே அந்தச் சிறகைக் காலால் பிடித்தான். அவன் பிடித்த அதே நேரத்தில் கீழே காவல்காரர்கள் தீயில் இன்னொரு கட்டையைத் தூக்கிப் போட்டார்கள். தீ மரத்தின் உயரத்துக்கு எழும்பிற்று. அவன் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அடித்தது.

"நான் போகலை" என்றான் மங்கான். அவன் சிறகு விரிந்தது. "போகலை புள்ள, நான் போகலை" என்று சொல்லிக்கொண்டே போனான். போகிற வேகத்தில் அவன் பிடித்திருந்த சிறகு அவள் தோளிலிருந்து முறிந்தது. கொஞ்ச தூரத்தில் அவன் பிடி நழுவி, அது சுழன்று சுழன்று வந்து வெடிப்பின் வாசலிலேயே விழுந்தது.

சிறகாயி அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பின்சிறகு இரண்டையும் முட்டைகளின்மேல் போர்த்தினாள். முன்சிறகு இரண்டையும் வெடிப்பின் வாயில் சேர்த்து நிறுத்தினாள். அளவெடுத்து அறுத்தது போலப் பொருந்தின. இரண்டுக்கும் நடுவே நூலளவுக்கு ஓர் இடுக்கு. அதன் வழியே தீ தெரிந்தது. குறுக்கே போடப் பட்டைச் சிராய் ஒன்றை உடைத்துக் காலில் பிடித்துக்கொண்டு, போடாமல் அவள் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோளில் குச்சங்கள் நாலும் துடித்தன.

அப்போது முறம் புடைக்கிற சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்ர்...

பனியில் எறும்பு வராது என்று அந்தக் கிழம் பொய் சொல்லிவிட்டதா? காதை வைத்துக் கேட்டாள். சத்தம் மரத்தின் கீழே இல்லை, மேலேயும் இல்லை. அது வெடிப்புக்குள் இருந்தது. அவளுக்கு முன்னாலேயே இருந்தது. இடுக்கில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து, அறுபட்ட சிறகுகள் அவள் இல்லாமலே படபடத்துக்கொண்டிருந்தன. போர்த்தியிருந்த இரண்டும் முட்டைகளைவிட்டு மெள்ள நகர்ந்துகொண்டிருந்தன, வாசலைப் பார்த்து.

சிறகாயி சிராயைக் குறுக்கே கொடுத்து அழுத்தினாள். இறுகிக் கிடந்தது. கிறீச்சென்றது. இன்னும் அழுத்தினாள். இடுக்கு மூடிற்று, வெளிச்சம் போயிற்று, சிறகுகள் அடங்கின. அவள் முட்டைகளைத் திரும்பப் போர்த்திவிட்டு, நாச்சியாவைப் போலவே முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

பங்குனியில் காட்டுப்பூவரசு துளிர்த்தபோது நாற்பது புழுக்கள் அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. கதவில் சாய்ந்தபடி காய்ந்திருந்த அம்மாவை ஒவ்வொன்றும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. எறும்புகள் வாசல் திறந்து வருமுன் இலைகளுக்குள் சுருண்டுகொண்டன. மண்ணில் இறங்கித் தூங்கி, மறு மார்கழியில் உறைபனி விழுந்த முதல் இரவில் எழுந்தன. மகன்களுக்குச் சிறகு இருந்தது. ஒருவன் கரி நிறம், ஒருவன் சாம்பல் பட்டை, ஒருவன் தவிடு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மகள்களுக்குத் தோளில் நாலு குச்சம் மட்டும். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மரத்தைத் தேடி நடந்தார்கள்.

அன்று முதல்தான், பனி உறையும் ராத்திரிகளில் நம் வீட்டு விளக்கைத் தேடிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்பவை எல்லாம் ஆண் பூச்சிகளாக இருக்கின்றன, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். அவற்றின் நடுவே பெண்ணைத் தேடினால் கிடைக்க மாட்டாள். அவள் இருட்டில், நடந்தே மரமேறிப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.